ஓட்டை விழாத சுவர்

"என் புருஷனை ஒரு மெஷின் தின்னுடுச்சு," என்றார் அந்தப் பெண்மணி.

"எலும்பு ஏதாவது மிச்சம் வெச்சுதா?" என்று கேட்டேன்.

பெரில் ஸ்டாட் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராகக் காலம் தள்ளிவிட்டுத் துப்பறிய வந்தவர் அவர். அந்தப் பார்வைக்குப் பயந்தே பல பேர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நடந்து போயிருக்கிறார்கள். அவருடைய உதவியாளனான லென் ஃபிர்த் என்கிற நான் வாயை மூடிக்கொண்டு டீ போடப் போனேன்.

ஸ்கெல்தார்ப் என்கிற ஊரில் ஒரு சலவைக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். கீழே துணி சுற்ற ஆரம்பித்தால் மேலே நாற்காலி நடுங்கும். வந்த பெண்மணியும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார். பெயர் லொரேன் க்ராப்ட்ரீ. அறுபதை ஒட்டிய வயது. மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபையில் பியானோ வாசிப்பவர். மடிப்புக் கலையாத சாம்பல் நிறக் கோட்டு. பக்கத்தில் சாத்தியிருந்த பச்சைக் குடையிலிருந்து மழைத் தண்ணீர் வடிந்து என் காலணியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"ட்ரோவர்ஸ் பப் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"இவனைக் கேளுங்க. பப்னா இவனுக்குத்தான் அத்துப்படி," என்றார் பெரில்.

"வெளியிலேருந்து பார்த்திருக்கேன். நான் எங்க தெரு பப்பைத் தவிர வேற எங்கயும் குடிக்க மாட்டேன். ட்ரோவர்ஸுக்குப் போனேன்னு தெரிஞ்சா எங்காளுங்க எனக்கு ஊத்தறதை நிறுத்திடுவாங்க," என்றேன்.

லொரேன் சிரிக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

காசு போட்டால் பழப் படங்கள் சுழலும் சூதாட்ட மெஷின்கள் இரண்டு வரை வைத்துக்கொள்ள இந்த நாட்டில் எந்தப் பப்புக்கும் உரிமை உண்டு. கவுன்சிலுக்குத் தகவல் சொன்னால் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கவுன்சிலின் உரிமக் குழு பெர்மிட் தரவேண்டும். ட்ரோவர்ஸ் நடத்துகிற நார்மன் டகெட் இன்னும் நான்கு கேட்டிருக்கிறான். அன்று பிற்பகல் விசாரணை.

"ஆனா அவன் முன்னாடியே பின்னறையில மூணு வெச்சிருந்தான். பெர்மிட் இல்லாம," என்றார் லொரேன். "பார் கவுன்ட்டர்ல நிக்கறவங்க கண்ணுக்கு மெஷின் தெரியணும். அதான் விதி. ஒருத்தர் விடாம ஆடிக்கிட்டே இருந்தா, போதும், வீட்டுக்குப் போங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணும் இல்லியா. அந்தப் பின்னறையில சொல்ல ஆளே கெடையாது."

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டார் பெரில்.

"நானா? நான் எந்தப் பப் வாசப்படியையும் மிதிச்சதில்ல. எங்க சபையில குடியைத் தொட மாட்டோம். எல்லாம் ட்ரெவர் சொன்னதுதான்."

ட்ரெவர்தான் மெஷின் தின்ற புருஷன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சேர்த்து வைத்ததெல்லாம் போய், வீடும் போய், இப்போது கடற்கரையில் தம்பியின் கேரவனில் தனியாகக் கிடக்கிறார். லொரேன் ஒரு வாடகை அறையில் இருக்கிறார். மகள் கெயில் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறந்த பேத்தியின் முகத்தை அந்த மனிதர் இன்னும் பார்க்கவில்லை.

"கவுன்சிலுக்கு எழுதினேன். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? இன்ன தேதிக்குச் சோதனைக்கு வரோம்னு நார்மனுக்கே முன்கூட்டிச் சொல்லி அனுப்பினாங்க. அவங்க போய்ப் பார்த்தப்ப பின்னறையில டார்ட்ஸ் போர்டு மாட்டியிருந்துச்சாம். பத்து வருஷமா அங்கதான் இருக்குன்னு சொன்னானாம்."

"திருடன் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, அண்ணே சௌகரியமான்னு கேக்கற ஊர்," என்றேன்.

"இன்னிக்கு அவனுக்குப் பெர்மிட் கெடைச்சுட்டா எல்லாம் போச்சுங்க. எப்படியாவது நிறுத்தணும்," என்றார் லொரேன். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சினார். எனக்கு அது அப்போது விநோதமாகப் படவில்லை.

அவருடைய கைப்பையில் போன் அடித்தது. மகளாம். படிக்கட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். எழும்போது மேஜையில் கிடந்த பெரிலின் விலாச அட்டையை எடுத்துக் கோப்பை மேல் வைத்துவிட்டுப் போனார். டீ ஆறிவிடக் கூடாது என்று நினைக்கிற சிக்கனமான மனுஷி என்று எண்ணிக்கொண்டேன். பெரிலின் கோப்பையையும் என்னுடையதையும் கழுவ எடுத்தேன். அவருடையதை நோக்கிக் கை போனது. ஏனோ எடுக்காமல் விட்டுவிட்டேன்.

பெரில் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாஸ்?"

"ஒண்ணுமில்ல. கோட்டை எடு. உன்னை இன்னொரு பப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்."

*

ட்ரோவர்ஸில் மத்தியானக் கூட்டம் என்று நான்கு கிழவர்களும் ஒரு நாயும் இருந்தார்கள். நாய் மட்டும்தான் எங்களைப் பார்த்து எழுந்தது. பார் கவுன்ட்டருக்கு நேர் எதிரே இரண்டு மெஷின்கள் ஆளில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தன.

"வாங்க கண்ணு, என்ன வேணும்?" என்றான் நார்மன் டகெட். கொழுத்த, சுத்தமான மனிதன். இந்த ஊரில் பப்காரன் எல்லோரையும் கண்ணு என்பான். நார்மன் அதைச் சொன்னபோது உண்மையிலேயே பாசம் இருந்தது. அதுதான் எனக்கு அவனிடம் பிடிக்காமல் போனது.

பெரில் எலுமிச்சை சோடா சொன்னார். நான் பீர் வாங்கிப் பாதி குடித்துவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டேன். பின்னறையைத் தாண்டி என்றான். கிளாஸுக்கு அடியில் வைக்கிற பீர் அட்டையை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுப் போனேன். அப்படி வைத்தால், ஆள் திரும்பி வருவான், கிளாஸை எடுக்காதே என்று பொருள். இங்கே எந்தப் பப்பிலும் அட்டை மூடிய கிளாஸை யாரும் தொட மாட்டார்கள். பாதிரியார் கல்லறையைத் தோண்டினாலும் தோண்டுவாரே தவிர, அதைத் தொட மாட்டார்.

பெரிலும் என் பின்னாலேயே வந்தார்.

பின்னறை இருட்டாக, சின்னதாக இருந்தது. மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் கதவு. விளக்கைப் போட்டேன். எதிர்ச் சுவரில் டார்ட்ஸ் போர்டு. அதைச் சுற்றிக் கிரீம் நிறச் சுவர், பழைய வண்ணம், சிகரெட் காலத்துப் பழுப்பு.

"என்ன தெரியுது?" என்றார் பெரில்.

"டார்ட்ஸ் போர்டு தெரியுது."

"இதுல எத்தனை வருஷமா ஆடறாங்களாம்?"

"பத்து வருஷமா அங்கதான் இருக்குன்னு கவுன்சில்காரங்க கிட்ட சொல்லியிருக்கான்." சொல்லிக்கொண்டே கிட்டே போனேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போர்டைச் சுற்றிச் சுவரில் ஒரு ஓட்டை கூட இல்லை.

நான் டார்ட்ஸ் ஆடி வளர்ந்தவன். மூன்று பீர் உள்ளே போனவன் எறிகிற அம்பு போர்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குத்தும். எங்கள் பப்பில் போர்டைச் சுற்றியுள்ள சுவரைப் பார்த்தால் அம்மை வார்த்த முகம் தோற்றுவிடும்.

"பாஸ், இந்தப் பப்ல குடிக்கறவன் எல்லாம் உலக சாம்பியன் போல," என்றேன்.

"கீழ பாரு."

தரையில் பூப்போட்ட கம்பளம். அம்பு எறிகிறவன் நிற்க வேண்டிய தூரத்தில் பூக்கள் புத்தம் புதிதாக மலர்ந்திருந்தன. சுவரிலிருந்து ஓரிரு அடி மட்டுமே தள்ளி, மூன்று இடத்தில் கம்பளம் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. இரண்டு இடம் லேசாக. மூலையில் இருந்த ஒன்று மட்டும் அடிவரை தேய்ந்து, அங்கே பூவும் இல்லை, நிறமும் இல்லை.

"சுவத்துல மூக்கை ஒட்டிக்கிட்டு நின்னு அம்பு விடற ஜாதி," என்றேன். "பிடிச்சாச்சு பாஸ். மெஷின் இங்கதான் இருந்திருக்கு."

பெரில் மூலைக்குப் போய் நின்றார். பூ தேய்ந்த அந்த இடத்தில் தன் காலை வைத்தார். வலது கையைத் தூக்கி, இல்லாத ஒரு பொத்தானை அழுத்துவது போலச் செய்தார். இடது கையைச் சுவர் பக்கமாகத் தொங்கவிட்டார். விரல் எதிலோ பட்டது. இடுப்பு உயரத்தில் ஒரு பித்தளைக் கொக்கி, சுவரில் திருகியிருந்தது.

"இது எதுக்கு லென்?"

"கோட்டு மாட்ட."

"இடுப்பு உயரத்துலயா? கோட்டு தரையைக் கூட்டும்."

"நாய்க் கயிறு மாட்டியிருப்பாங்க."

பெரில் அந்தக் கொக்கியை விரலால் தடவிக்கொண்டு நின்றார். முகம் கசந்துபோயிருந்தது. சாட்சியம் கிடைத்த சந்தோஷம் ஏன் இல்லை என்று எனக்குப் புரியவில்லை.

"பார்த்து முடிச்சாச்சா கண்ணு?" வாசலில் நார்மன் நின்றுகொண்டிருந்தான்.

"உங்க சுவத்துல ஓட்டையே இல்லியே," என்றேன்.

"போன மாசம் பூசினேன்."

"பழுப்பையும் சேத்துப் பூசினீங்களா?"

"பழைய நிறம் எனக்குப் பிடிக்கும்."

"கம்பளம்?"

"வேற எடத்துலேருந்து வாங்கினது. செகண்ட் ஹேண்டு." அவன் சிரித்தான். "தம்பி, நீங்க கெட்டிக்காரர். ஆனா கம்பளம் வந்து கவுன்சில்ல சாட்சி சொல்லாது. நான் இங்க நின்னு ஆடினேன்னு சொல்ல ஒரு மனுஷன் வேணும். யாரு சொல்லுவா? அந்த நாலு பேரைக் கேளுங்க. வீட்டுல கணப்பு போட முடியாம என் கணப்புக்கிட்ட வந்து உக்காந்திருக்காங்க. சொல்லுவாங்களா?"

சொல்ல மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். திரும்பி வந்தபோது என் பாதி பீர் அட்டை மூடியபடி அப்படியே இருந்தது. குடிக்கப் பிடிக்கவில்லை.

*

"மனுஷன் வேணுமாம். இருக்காரே ஒரு மனுஷன்," என்றேன் காரில் ஏறியதும். "ட்ரெவர் க்ராப்ட்ரீ. போனைப் போடுங்க பாஸ். நான் நின்னேன், நான் ஆடினேன்னு அவர் போன்ல சொன்னாக்கூடக் குழு காது குடுக்கும்."

பெரில் போட்டார். நானும் கேட்கும்படி வைத்தார். எதிர்முனையில் கடல் பறவைகள் கத்தின. பிறகு ஒரு தயங்கிய குரல்.

"ஆமாங்க. நான்தான் ஆடினேன். எல்லாம் என் தப்புதான்."

"சாட்சி சொல்லுவீங்களா?"

"சொல்றேன். எங்க வேணா சொல்றேன்."

"ஒரே ஒரு விவரம், மிஸ்டர் க்ராப்ட்ரீ. அந்தப் பின்னறையில நீங்க எந்த மெஷின்ல ஆடுவீங்க? கதவுப் பக்கமா, ஜன்னல் பக்கமா?"

"ஜன்னல் பக்கம்," என்றார் அவர் உடனே. "அங்கதான் வெளிச்சம்."

பெரில் கண்ணை மூடித் திறந்தார். "ட்ரெவர், அந்த அறைக்கு ஜன்னலே கெடையாது."

பறவைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

"நீங்க அந்த அறைக்குள்ள ஒரு தடவை கூடப் போனதில்ல. அப்படித்தானே?"

"அவளை ஒண்ணும் கேக்காதீங்க," என்றார் ட்ரெவர். "தயவு செஞ்சு. சபையில அவ வாசிச்சாத்தான் பாட்டே. ஊர்ல அவளுக்கு ஒரு மரியாதை இருக்கு. எனக்கு என்ன, நான் வெறும் பஸ் டிரைவர். கெயிலுக்கு அம்மாவாவது இருக்கட்டும்."

போன் வைக்கப்பட்டது.

 நான் தலையில் அடித்துக்கொண்டேன். "டீக்கோப்பை."

"ம்."

"விலாச அட்டையை எடுத்து மூடி வெச்சுட்டுப் போனாங்க. நானும் பப்காரன் புத்தி, மூடியிருக்குன்னு எடுக்காம விட்டேன். பப் வாசப்படியை மிதிக்காதவங்களுக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்?"

"வராது. கை தானாப் போச்சு பாரு, அவங்க யோசிக்கவே இல்ல. எத்தனை வருஷமாப் பழகியிருக்கணும்."

"அப்பவே தெரிஞ்சா எதுக்குப் பாஸ் பப்புக்குப் போனோம்?"

"டீயை மூடி வெச்சாங்கன்னு ஒருத்தரைச் சூதாடின்னு சொல்லிட முடியுமா? டிக்கெட் இல்லாதவன் முகம் எனக்குத் தெரியும். ஆனா கேட்டுப் பார்க்காம நான் யாரையும் இறக்கி விட்டதில்ல." வண்டியைக் கிளப்பினார். "அந்தக் கொக்கி கைப்பை மாட்டறதுக்கு, லென். இப்பல்லாம் பார் கவுன்ட்டருக்கு அடியில பொம்பளைங்களுக்குன்னு அடிப்பாங்க. நார்மன் மெஷின் பக்கத்துல அடிச்சிருக்கான். நிறைய ஆடறவங்களுக்கு ஒரு வசதி."

*

நகரசபைக் கட்டடத்தின் நடைகூடத்தில், விசாரணை அறைக்கு வெளியே, லொரேன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காகிதக் கோப்பையில் டீ. பச்சைக் குடை மடியில். தள்ளி ஒரு தூணருகே இளம்பெண் ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் துணையாக வந்த கெயில்.

பெரில் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூலை மெஷின். சுவத்துல பித்தளைக் கொக்கி."

லொரேன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுக்கவும் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டார். எவ்வளவோ நாளாக அடக்கி வைத்தது போலிருந்தது.

"பின்பக்க முற்றத்து வழியாப் பப்புக்குள்ள போக ஒரு கதவு இருக்கு," என்றார். "பாட்டுப் பயிற்சி முடிஞ்சு அப்படியே போவேன். போர்ட் வைன், லெமனேடு கலந்து. யாராவது மோந்து பார்த்தா இருமல் மருந்துன்னு சொல்லுவேன். மொதல்ல சும்மா ஒரு பொழுதுபோக்கு. கையில பையை வெச்சுக்கிட்டு ஆடக் கஷ்டமா இருக்கேன்னு நார்மன்தான் கொக்கி அடிச்சுக் குடுத்தார். என் புருஷன் கூட எனக்காக ஒரு ஆணி அடிச்சதில்லன்னு நெனச்சேன். பைத்தியக்காரி."

"ட்ரெவர் பழியை ஏத்துக்கிட்டார்."

"நான் கேக்கல. அவரா கெயில் கிட்ட நான்தான்னு சொன்னார். நான் பக்கத்துல நின்னேன். இல்லன்னு சொல்லல." அவர் கைகள் குடையை முறுக்கின. "என்னால நிறுத்த முடியல, மிஸ் ஸ்டாட். ஜெபம் பண்ணேன், சத்தியம் பண்ணேன். மெஷினே ஊர்ல இல்லாமப் போயிட்டா நான் நின்னுடுவேன்னு நெனச்சேன். கவுன்சில் எடுத்துட்டா நான் மன உறுதியா இருக்க வேண்டியதில்ல பாருங்க. இப்ப அந்த மூணும் அங்க இல்ல, அதுக்கே தெனமும் அந்தப் பக்கமா நடந்து போறேன். நாலு வந்தா நான் செத்தேன்."

கெயிலுக்குக் கேட்காதபடி நான் நகர்ந்து நடுவில் நின்றுகொண்டேன். 

"நார்மனோட வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேப்பான்," என்றார் பெரில். "நீங்க அங்க போயிருக்கீங்களான்னு. இல்லன்னா உங்க பேச்சு வெறும் வதந்தி. அவனுக்குப் பெர்மிட் கெடைச்சுடும். ஆமான்னா..." அவர் தூண் பக்கம் பார்த்தார். "நான் எதையும் சொல்லச் சொல்ல மாட்டேன். உங்க வாய், உங்க மகள்."

கதவு திறந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். லொரேன் எழுந்தார். பெஞ்சின் மேல் வைத்த காகிதக் கோப்பையின் மேல் விசாரணைத் தாளை மடித்து மூடினார். மூடிய பிறகுதான் தான் செய்ததைப் பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

*

உரிமக் குழு என்றால் மூன்று கவுன்சிலர்கள், ஒரு தட்டு பிஸ்கட். நார்மன் கழுத்துப் பட்டை கட்டி வந்திருந்தான். அவனுடைய வக்கீல் ட்ரோவர்ஸ் என்பது பப் அல்ல, முதியோர் நல விடுதி என்கிற அளவுக்குப் பேசினார். மெஷின் வருமானம் இல்லாவிட்டால் கணப்பு அணைந்துவிடுமாம். கவுன்சிலர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, பாதியை உள்ளேயே தொலைத்துவிட்டு, விசாரணை முழுவதும் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

லொரேன் பேச எழுந்தார். எழுதி வைத்திருந்ததை வாசித்தார். என் கணவர் என்று ஆரம்பித்தார்.

வக்கீல் குறுக்கிட்டார். "மன்னிக்கணும் மேடம். உங்க கணவர் இங்க இல்ல. நீங்க எப்பவாவது அந்தப் பின்னறைக்குள்ள போயிருக்கீங்களா?"

 பார்வையாளர் வரிசையில் கெயில் அம்மாவைப் பார்த்துத் தைரியமாகத் தலையசைத்தாள்.  லொரேன் அந்தத் தலையசைப்பைப் பார்த்தார். கையிலிருந்த தாளை மேஜையில் வைத்தார்.

"போயிருக்கேன்," என்றார்.

வக்கீலின் பேனா நின்றது.

"மூணு மெஷின் இருந்துச்சு. நான் மூலையில இருந்ததுல ஆடுவேன். என் கைப்பை மாட்ட நார்மன் சுவத்துல ஒரு கொக்கி அடிச்சுக் குடுத்தார். இப்பவும் அங்க இருக்கும், போய்ப் பாருங்க. அந்தக் கொக்கியை அடிச்சப்ப டார்ட்ஸ் போர்டு அங்க கெடையாது. வீட்டைத் தொலைச்சது ட்ரெவர் இல்ல. நான்தான். அவர் அந்த வாசப்படியையே மிதிச்சதில்ல."

கவுன்சிலர் பிஸ்கட் தேடுவதை நிறுத்திவிட்டார். நார்மன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெயில் குழந்தையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அவள் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு சீக்கிரமே வந்தது. நான்கு மெஷினுக்கும் பெர்மிட் மறுக்கப்பட்டது. பின்னறையில் அனுமதியில்லாமல் மெஷின் இருந்தது தனியாக விசாரிக்கப்படுமாம். எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

"அந்த ரெண்டு?" என்றார் லொரேன். "முன்னாடி இருக்கற ரெண்டு?"

குழுவின் தலைவி இரக்கத்தோடுதான் பதில் சொன்னார். "அது சட்டம் குடுத்த உரிமைங்க. இன்னிக்கு எங்க முன்னாடி இருக்கற விஷயம் அது இல்ல. அது பார் கவுன்ட்டருக்கு நேரா, எல்லார் கண்ணுலயும் படற மாதிரி இருக்கு. விதிப்படிதான் இருக்கு."

வெளியே வரும்போது நார்மன் லொரேனைத் தாண்டிப் போனான். நின்றான். "எனக்கு உங்க மேல கோபம் இல்ல கண்ணு," என்றான். "நம்ம கதவு எப்பவும் தெறந்தே இருக்கும்." அவன் மனதாரத்தான் சொன்னான். அவனை அடித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

லொரேன் எங்களிடம் கெயிலைத் தேடிப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார்.

கெயில் தூரம் போகவில்லை. கட்டடத்தின் பக்கவாட்டில், மழை படாத இடத்தில், சுவரில் சாய்ந்து போனைக் காதில் வைத்து நின்றிருந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "அப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பா, எதுக்குப்பா இப்படிப் பண்ணீங்க. சனிக்கிழமை பாப்பாவைத் தூக்கிட்டு வரேன்." அம்மா அந்தப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

"ஜெயிச்சுட்டோம் பாஸ்," என்றேன்.

"யாரு?" என்றார் பெரில்.

உள்ளே போனேன். பெஞ்சில் அந்தக் காகிதக் கோப்பை மூடியபடியே இருந்தது. துப்புரவுக்காரப் பெண்மணி குப்பைப் பையோடு வந்து கை நீட்டினாள். "எடுக்காதீங்க, வருவாங்க," என்றேன். அவளும் உள்ளூர்க்காரிதான். தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். வெகுநேரம் காத்திருந்தோம். கதவைப் பூட்ட ஆள் வந்தான். லொரேன் வரவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழி ட்ரோவர்ஸ் வாசலைத் தாண்டித்தான். பெரில் காரை நிறுத்தினார், இருவரும் இறங்கினோம். கணப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நான்கு கிழவர்கள், நாய். மெஷின்கள் இரண்டும் மினுக்கிக்கொண்டிருந்தன. முன்னால் யாரும் இல்லை. எனக்குப் போன உயிர் வந்தது.

"அவங்க இங்க இல்ல பாஸ். நல்ல வேளை."

"மெஷினுக்கு மேல பாரு," என்றார் பெரில்.

இடதுபக்க மெஷினில் ஒரு பச்சைக் குடை சாத்தியிருந்தது. மெஷின் தலையில் ஒரு சின்னக் கிளாஸ், பாதி வரைக்கும் சிவப்பாக. அதன் மேல் பீர் அட்டை.

நார்மன் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுக் காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். கிழவர்களுடையதை எடுத்தான். கணப்பு மேடையில் இருந்ததை எடுத்தான். மெஷின் மேல் இருந்ததைப் பார்த்தான். அதை மட்டும் தொடாமல், மெஷினின் கண்ணாடியைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனான்.